பிரியாணிக்கு இடம் விட்ட பிறகுதான் அலங்காரம்

கேள்வி: கிறிஸ்துமஸ் அன்று இரவு அம்மா வீட்டு ஆட்கள், நாத்தனார் குடும்பம் எல்லாம் சேர்ந்து பத்துப் பேர் எங்கள் வீட்டில் சாப்பிடுகிறோம். இருப்பது ஆறு பேர் உட்காரும் டைனிங் டேபிள். படங்களில் வருவது போலப் பச்சைக் கிளை, மெழுகுவர்த்தி, சிவப்பு உருண்டைகள் என்று அடுக்கிப் பார்த்தேன், தட்டு வைக்கவே இடமில்லை. எப்படி அலங்கரிப்பது? – வாசகி, பாளையங்கோட்டை

பதில்: அந்தப் படங்களில் பெரும்பாலும் சாப்பாடே இருக்காது, கவனித்துப் பாருங்கள். நம் வீட்டில் பிரியாணி, சிக்கன் வறுவல், தயிர்ப் பச்சடி, கத்தரிக்காய், கடைசியில் கேக் என்று எல்லாமே மேசை நடுவுக்குத்தான் வரும். அதனால் முதலில் ஒரு அளவு போட்டுவிடுங்கள். மேசை 3 அடி அகலம் என்றால் 36 அங்குலம், இரண்டு பக்கமும் 11 அங்குலத் தட்டு, ஓரத்தில் ஒரு அங்குலம் விட்டால் நடுவில் மிஞ்சுவது வெறும் 12 அங்குலம். அதற்குள்தான் குழம்புக் கிண்ணமும் இருக்க வேண்டும், பூவும் இருக்க வேண்டும். அது போக, ஒருவர் கையை விரித்துச் சாப்பிட 2 அடியாவது வேண்டும், ஆகவே ஆறு பேர் மேசையில் பத்துப் பேரை உட்கார வைக்கும் எண்ணத்தை இப்போதே விட்டுவிடுங்கள்.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் மேசையைச் சுவரோடு தள்ளிப் போட்டு, சாப்பாட்டை அதில் வரிசையாக வைத்துவிடுவேன். பெரியவர்களுக்கு நாற்காலி, பிள்ளைகளுக்குப் பாய் விரித்து இலை போட்டால் அவர்கள் குஷியாக உட்காருவார்கள். இதில் அலங்காரத்துக்கு ஒரு பெரிய வசதி உண்டு: மேசைக்கு அந்தப் பக்கம் யாரும் உட்காராததால் சுவரை ஒட்டி எவ்வளவு உயரமாக வேண்டுமானாலும் வைக்கலாம். சவுக்குக் கிளைகளை ஒரு பித்தளைக் குடத்தில் செருகி நிறுத்தி, மேலே சுவரில் ஒரு காகித நட்சத்திரம் தொங்கவிட்டு, சீரியல் விளக்கை ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். சவுக்கைச் சாப்பாட்டிலிருந்து ஒரு கை தள்ளி வையுங்கள், காய்ந்தால் உதிரும், அதனால் அன்றைக்கே வெட்டியதாக இருக்கட்டும்.

இல்லை, எல்லாரும் மேசையைச் சுற்றித்தான் உட்கார வேண்டும், இரண்டு பந்தியாகப் போட்டாலும் பரவாயில்லை என்றால், பிரியாணிச் சட்டியைப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் வைத்து ஒருவர் பரிமாறுங்கள். நடுவில் நீளமான அலங்காரம் வேண்டாம். கிண்ணங்களை முதலில் வைத்து, இடையில் விழும் இடைவெளிகளில் மட்டும் சின்ன டம்ளரில் நாலைந்து பூ வையுங்கள். உயரம் ஒரு அடிக்குக் கீழே இருக்கட்டும், எதிரில் இருக்கும் பெரியம்மாவின் முகம் தெரியாமல் என்ன விருந்து!

விரிப்புக்குக் கடைக்குப் போக வேண்டாம். அரக்குச் சிவப்பில் ஒரு பருத்திச் சேலை இருந்தால் நீளவாக்கில் மடித்து நடுவில் ஓட விடுங்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்துப் பத்தமடைப் பாய் இருந்தால் அதைவிட நன்றாக இருக்கும், கோரையின் நிறத்துக்கு மேல் சிவப்பும் பச்சையும் எடுப்பாகத் தெரியும். துணியில் குழம்பு கொட்டி, சோப்புப் போட்டதும் மஞ்சள் கறை சிவப்பாக மாறினால் பயப்படாதீர்கள். மஞ்சள் அப்படித்தான் செய்யும், அலசி நல்ல வெயிலில் காயப் போட்டால் மங்கிவிடும்.

கேள்வி: மேசைக்கு என்ன பூ வாங்கலாம்? டிசம்பரில் மல்லிகை விலை கேட்டாலே மயக்கம் வருகிறது. – வாசகர், நாகர்கோவில்

பதில்: தோவாளைப் பூச்சந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மல்லிகைக்கு ஏன் கவலைப்படுகிறீர்கள்? சாப்பாட்டு மேசைக்கு மல்லிகையும் வேண்டாம், சம்பங்கியும் வேண்டாம். அந்த வாசம் பிரியாணி வாசத்தோடு மல்லுக்கு நிற்கும். அவற்றை வாசலில் வையுங்கள். மேசைக்கு என் முதல் தேர்வு கோழிக்கொண்டை. வெல்வெட் மாதிரி அந்த அடர்சிவப்பைப் போலக் கிறிஸ்துமஸுக்குப் பொருந்தும் பூ வேறு எனக்குத் தெரியவில்லை, சீக்கிரம் வாடவும் வாடாது. கூட வெள்ளைச் சாமந்தி, சுற்றிலும் மாவிலை. சரி, இது போதும்.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். செவ்வரளி சிவப்பாக, மலிவாகக் கிடைக்கிறதே என்று மேசைக்குக் கொண்டுவராதீர்கள். அரளியின் பூ, இலை, தண்டு எல்லாமே விஷம், அது நின்ற தண்ணீர்கூட ஆகாது. அதே மாதிரி குன்றிமணி. சிவப்பு மணி அழகாக இருக்கிறது என்று கிண்ணத்தில் கொட்டி வைக்கிறார்கள், ஒரு குழந்தை எடுத்துக் கடித்து மென்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. சிவப்பு மணி வேண்டுமென்றால் பாசிமணிக் கோவையைச் சுற்றிவிடுங்கள், அதையும் கைக்குழந்தைக்கு எட்டாமல்.

கேள்வி: கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தில் வீட்டில் ஏற்றிய நான்கு மெழுகுவர்த்தி வளையத்தை விருந்து மேசையில் வைக்கலாமா? ஃபேன் போட்டால் அணைகிறது, போடாவிட்டால் வேர்க்கிறது. – வாசகி, சென்னை

பதில்: தாராளமாக வையுங்கள். அந்த வளையமே பிள்ளைகளுக்காக வந்ததுதான். 1839இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்கான இல்லம் நடத்திய யோஹான் ஹின்ரிஷ் விஷெர்ன் என்ற போதகர், கிறிஸ்துமஸ் எப்போது என்று கேட்டுக்கொண்டே இருந்த பிள்ளைகளுக்காக ஒரு பழைய வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை நிறுத்தினார், வாரநாட்களுக்குச் சின்னச் சிவப்பு, ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளை. இன்றைக்கு நடுவில் ஐந்தாவதாக ஒரு வெள்ளை மெழுகுவர்த்தி வைத்து கிறிஸ்துமஸுக்கு ஏற்றுகிறார்கள். அந்த ஒன்றை உங்கள் வீட்டுக் கடைக்குட்டி கையால், பெரியவர் ஒருவர் கைபிடித்து, சாப்பாட்டு ஜெபத்துக்கு முன்னால் ஏற்றச் சொல்லுங்கள். ஜெபம் முடியும் வரை ஃபேன் நிற்கட்டும்.

ஜெபம் முடிந்ததும் வளையத்தை அலமாரி மேல், திரைச்சீலையிலிருந்து தள்ளி வைத்துவிட்டு ஃபேனைப் போடுங்கள். மேசையில் சுடர் இருந்தே ஆக வேண்டுமென்றால், உயரமான கண்ணாடி டம்ளருக்குள் குட்டி மெழுகுவர்த்தி வையுங்கள், சுடர் விளிம்புக்கு நன்றாகக் கீழே இருந்தால் காற்று அவ்வளவாகத் தொடாது. வாசனை மெழுகுவர்த்தி மட்டும் வேண்டாம். மெழுகு துணியில் சொட்டிவிட்டால் உடனே தேய்க்காமல் ஆறவிட்டுச் சுரண்டி எடுங்கள், மீதிக்கு மேலேயும் கீழேயும் பழுப்புக் காகிதம் வைத்து இளஞ்சூட்டில் இஸ்திரிப் பெட்டியை ஓட்டினால் காகிதம் உறிஞ்சிக்கொள்ளும். செய்தித்தாள் வைக்காதீர்கள், மை துணியில் ஒட்டிக்கொள்ளும்.