கருக்கலைப்புப் பேரணியில் நிறவெறி பற்றிய பேச்சு எதற்கு?

கேள்வி: அட்லாண்டாவில் மாணவர் விசாவில் முதுகலை படிக்கிறேன். கூடப் படிக்கும் கறுப்பினத் தோழிகள் இருவர் கருக்கலைப்பு உரிமைக் கூட்டம் ஒன்றுக்கு அழைத்துப் போனார்கள். அங்கே பாதி நேரம் போலீஸ் அத்துமீறல், பிரசவ மரணம், அடிமை முறை என்றே பேச்சு. "கருக்கலைப்போடு நிறுத்திக்கொண்டால் இன்னும் நிறையப் பேர் சேர்வார்களே" என்று சொன்னேன், ஒரு தோழியின் முகம் மாறிவிட்டது. அடுத்த பேரணிக்கும் கூப்பிடுகிறார்கள். அம்மாவோ "படிக்கப் போன இடத்தில் உனக்கு எதுக்கு இதெல்லாம்" என்கிறார். போகலாமா?
- பெயர் வேண்டாம்

பதில்: முகம் மாறாமல் என்ன செய்யும்? அந்தப் பெண்கள் இந்தப் போராட்டத்துக்கு வந்ததே அந்த வழியாகத்தான்.

வெள்ளைக்காரப் பெண்கள் 'பிள்ளை வேண்டாம் என்று சொல்ல உரிமை கொடு' என்று போராடிய அதே காலத்தில், தென் மாநிலங்களில் கறுப்பினப் பெண்களிடமிருந்து பிள்ளை பெறும் உரிமையையே பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். பிறகு வாக்குரிமைப் போராளியாகப் பேர் வாங்கிய ஃபேனி லூ ஹேமர் 1961-ல் மிசிசிப்பியில் கட்டியை எடுக்க ஆபரேஷனுக்குப் போனார், அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கருப்பையையே எடுத்துவிட்டார்கள். இது அங்கே அவ்வளவு சகஜம், 'மிசிசிப்பி அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன்' என்று பட்டப்பெயரே இருந்தது. கருக்கலைப்பை உரிமையாக்கிய ரோ எதிர் வேட் தீர்ப்பு வந்தது 1973-ல் (2022-ல் அதை உச்ச நீதிமன்றமே ரத்து செய்துவிட்டது). அதே வருஷம் அலபாமாவில் 14, 12 வயது ரெல்ஃப் சகோதரிகளுக்கு அரசுப் பணத்தில் கருத்தடை ஆபரேஷன் செய்தார்கள். எழுதப் படிக்கத் தெரியாத தாய், ஏதோ ஊசிக்குத்தான் சம்மதம் கேட்கிறார்கள் என்று நம்பி காகிதத்தில் பெருக்கல் குறி போட்டுக் கொடுத்திருந்தார். எமர்ஜென்சி காலக் கட்டாயக் குடும்பக் கட்டுப்பாடு பற்றி வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருந்தால் இந்தக் கோபம் உங்களுக்குப் புரியும்.

சரி, சட்டப்படி கிடைத்த உரிமையாவது எல்லோருக்கும் கிடைத்ததா? 1976-லேயே ஹைட் திருத்தம் வந்து, ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் காப்பீட்டில் கருக்கலைப்புக்கு மத்திய அரசுப் பணம் கிடையாது என்றாகிவிட்டது, மிகச் சில விதிவிலக்கு தவிர. கையில் காசு இருந்தால்தான் உரிமை.

இதையெல்லாம் பார்த்துத்தான் 1994-ல் சிகாகோவில் 12 கறுப்பினப் பெண்கள் கூடி 'இனப்பெருக்க நீதி' என்று ஒரு கொள்கையை வைத்தார்கள்: பிள்ளை வேண்டாம் என்பதற்கு உரிமை, பெற்றுக்கொள்ள உரிமை, பெற்ற பிள்ளையைப் பயமில்லாமல் வளர்க்க உரிமை. மூன்றாவதைப் பாருங்கள், போலீஸ் துப்பாக்கி பற்றிய பேச்சு எங்கிருந்து வந்தது என்று தெரியும். அந்த வழியில் 1997-ல் தொடங்கிய சிஸ்டர்சாங் அமைப்பின் தலைமையகம் உங்கள் அட்லாண்டாவிலேயே இருக்கிறது. ஜார்ஜியாவின் ஆறு வாரத் தடைச் சட்டத்தை எதிர்த்து வழக்குப் போட்டதும் அவர்கள்தான். ஆறு வாரம் என்றால், தான் கர்ப்பம் என்றே பல பெண்களுக்குத் தெரிந்திருக்காது.

பிரசவ மரணப் பேச்சும் ஒட்டவைத்தது இல்லை. 2021 கணக்கில், 1 லட்சம் பிரசவங்களுக்கு இறந்த தாய்மார்கள் வெள்ளையரில் 26.6, கறுப்பினத்தவரில் 69.9. படிப்பும் பணமும் இருந்தால் தப்பிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். செரீனா வில்லியம்ஸே 2017-ல் பிரசவத்துக்குப் பிறகு, நுரையீரலில் ரத்தக்கட்டி இருக்கலாம், ஸ்கேன் எடுங்கள் என்று மன்றாடித்தான் எடுக்க வைத்தார். கட்டி இருந்தது.

நமக்கென்ன என்று அம்மா கேட்டால் இண்டியானா கதையைச் சொல்லுங்கள். 2013-ல் ரத்தப்போக்கோடு மருத்துவமனைக்குப் போன இந்திய வம்சாவளிப் பெண் ஒருவர் மேல், மாத்திரை சாப்பிட்டுக் கருவைக் கலைத்தார், பிறந்த சிசுவைக் கவனிக்காமல் விட்டார் என்று வழக்குப் போட்டு, 2015-ல் 20 வருஷம் தண்டனை கொடுத்தார்கள். கருக்கொலைக் குற்றச்சாட்டு செல்லாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்ல இன்னொரு வருஷம் ஆனது.

அதனால் போங்கள். தோழியிடம் பெரிய விளக்கமெல்லாம் வேண்டாம், பேரணி எத்தனை மணிக்கு என்று கேளுங்கள், போதும். ஆனால் அம்மாவின் பயத்தை மட்டும் தள்ளிவிடாதீர்கள். பேச்சுரிமை உங்களுக்கும் உண்டுதான், ஆனாலும் 2025-ல் பாலஸ்தீன ஆதரவுப் போராட்டங்களில் இருந்த வெளிநாட்டு மாணவர்கள் சிலரின் விசாவை ரத்து செய்தார்கள். சாலை மறியல், கைதாகும் போராட்டம் என்றால் குடியுரிமை உள்ளவர்கள் உட்காரட்டும். உங்கள் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திலோ ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடமோ முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். கிரீன் கார்டு இல்லாத வெளிநாட்டவர் தேர்தல் வேட்பாளருக்கு நன்கொடை கொடுக்கச் சட்டத்தில் தடை, ஐந்து டாலரும் கூடாது. அப்புறம் ஒன்று, இதை யாரும் சொல்ல மாட்டார்கள்: இந்தப் பேரணிகளில் அட்டையும் பேனாவுமாக வாக்காளர் பதிவுப் படிவம் நீட்டுவார்கள், நல்ல எண்ணத்தில்தான். கூட்டத்தோடு கூட்டமாகக் கையெழுத்துப் போட்டால் பொய்யாகக் குடியுரிமை கோரியதாக ஆகிவிடும், நாடு கடத்தல் வரைக்கும் போகலாம். சிரித்துக்கொண்டே "நான் இந்த ஊர்ப் பிரஜை இல்லை" என்று சொல்லி நகர்ந்துவிடுங்கள்.