ஸ்பானிஷ் தெரியாமல் குவாத்தமாலாவுக்குப் போய்ச் சேவை செய்யலாமா?

கேள்வி: கீழக்கரையில் இருக்கிறேன். ஸ்பானிஷ் ஒரு வார்த்தை தெரியாது. குவாத்தமாலாவில் மொழி படித்துக்கொண்டே சமூக சேவையும் செய்ய முடியுமா? பன்றி சாப்பிட மாட்டேன், சாப்பாட்டுக்கு என்ன வழி?

பதில்: முடியும். ஆனால் இரண்டையும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். முதல் நான்கு வாரம் வகுப்பு மட்டும். ஆன்டிகுவா, கெட்சால்டெனாங்கோ ஊர்ப் பள்ளிகளில் பெரும்பாலும் ஒரு மாணவருக்கு ஓர் ஆசிரியர்தான். தினம் நாலைந்து மணி நேரம், வாரம் ஐந்து நாள். நாலு மணி என்று வைத்தாலும் 80 மணி நேரம் ஆகிவிடும். அதற்கு முன்னால் சேவைக்குப் போனால் பிரஷ்ஷைக் கொடுத்துச் சுவரைக் காட்டுவார்கள். பக்கத்தில் பெயின்ட் அடிக்கும் ஐரோப்பியப் பையனோடு இங்கிலீஷ் பேசிவிட்டு ஊர் திரும்புவீர்கள். பிறகும் சமையற்கட்டு, முதியோர் இல்லம் மாதிரி வாய் திறக்காமல் நடக்காத வேலையாகக் கேளுங்கள்.

கிராமம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்க வேண்டாம். கெட்சால்டெனாங்கோவைச் சுற்றிய பல கிராமங்களில் வீட்டுப் பேச்சு கிச்சே. அத்தித்லான் ஏரிக்கரை சான் பெத்ரோவில் சுத்துஹில். இரண்டும் மாயா பழங்குடி மக்களின் மொழிகள். ஸ்பானிஷ் காதில் விழ வேண்டுமென்றால் டவுன்தான் நல்லது.

மொழியில் நமக்கு ஒரு வசதி உண்டு. ‘மே குஸ்தா எல் பெஸ்காதோ’ என்பது அப்படியே ‘எனக்கு மீன் பிடிக்கும்’. இங்கிலீஷ் வழியாக யோசிப்பவர்தான் இதில் திணறுவார். கடலில் நீந்தும்வரை அது ‘பெஸ்’. பிடித்துக் கரைக்கு வந்துவிட்டால் ‘பெஸ்காதோ’. ‘உஸ்தேத்’ என்பது நம் ‘நீங்கள்’. ஆரம்பத்தில் எல்லோரையும் அப்படியே கூப்பிடுங்கள், தப்பே வராது.

இடறுவது ‘ப’வில். ‘பேசோ’வை ‘படம்’ என்பதில் வரும் ப-வோடு சொன்னால் எடை, ‘கம்பு’வில் வரும் ப-வோடு சொன்னால் முத்தம். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். அதனால் நோட்டில் முதல் நாளிலிருந்தே ஸ்பானிஷ் எழுத்தில் எழுதுங்கள்.

தங்குவது உள்ளூர்க் குடும்பம் ஒன்றின் வீட்டில். பல வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு கிடையாது, முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ‘நோ கோமோ செர்தோ’ என்று சொன்னால் பன்றிக்கறி தட்டுக்கு வராது. ஆனால் கறுப்பு பீன்ஸை வதக்கும் பன்றிக்கொழுப்பு வரலாம். ‘சின் மந்தேகா’, அதாவது கொழுப்பு சேர்க்காமல் என்று தனியாகச் சொல்ல வேண்டும். ‘கார்னே’ வேண்டாம் என்றால் அவர்களுக்கு மாட்டுக்கறி மட்டும் வேண்டாம் என்று அர்த்தம்; கோழி வந்து நிற்கும். ஹலால் கறியை எதிர்பார்க்காமல் முட்டை, மீன், பீன்ஸ் என்று பேசி வையுங்கள்.

டிக்கெட் மலிவு என்று அமெரிக்கா வழியாகப் போடாதீர்கள். விமானம் மாறுவதற்கு மட்டும் இறங்கினாலும் அங்கே விசா வேண்டும். சம்பளமில்லாத வேலை உங்கள் விசாவில் செல்லுமா என்று தூதரகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பள்ளிக்காரர் வாய்வார்த்தை போதாது. கெட்சால்டெனாங்கோ சுமார் 2,300 மீட்டர் உயரம், கொடைக்கானலைவிட மேலே. கீழக்கரை வெயிலில் ஸ்வெட்டருக்கு வேலையில்லை, அதனால் பெட்டியில் வைக்க மறந்துபோகும்.