வாசகர் கேள்வி – பதில்: ஆறு கோட்டில் ‘ஹாவ்’

கேள்வி: சீன மொழி படிக்கத் தொடங்கியிருக்கிறேன். ‘நல்ல’ என்று பொருள்படும் ‘ஹாவ்’ எழுத்தை எப்படி எழுதினாலும், “இது இரண்டு எழுத்தாக இருக்கிறது” என்று ஆசிரியர் திருப்பிக் கொடுக்கிறார். எங்கே தவறு?

பதில்: இடைவெளியில்தான். இந்த எழுத்தின் இடப்பாகம் ‘பெண்’, வலப்பாகம் ‘பிள்ளை’. இரண்டும் தனித்தனி எழுத்துகளும்கூட. தள்ளி எழுதினால் படிப்பவர் கண்ணுக்கு ‘பெண், மகளிர்’ என்ற ஈரெழுத்துச் சொல்லாகிவிடும். விளையாட்டுப் போட்டிகளில் ‘மகளிர் பிரிவு’ என்று எழுதும்போது வருகிற அதே சொல்.

நடுவில் கூட்டல் குறி போட்ட சதுரக் கட்ட நோட்டு வாங்குங்கள். ‘வயல்’ என்ற சீன எழுத்தும் அதே வடிவம்தான் என்பதால் கட்டத்துக்கே அந்தப் பெயர். மொத்தம் ஆறு கோடுகள், பாகத்துக்கு மூன்று.

இடப்பாகம்: முதல் கோடு மேலிருந்து இடப்புறம் சரிந்து, பேனாவை எடுக்காமலே வலப்புறம் கீழாகத் திரும்பும். வளைந்தாலும் அது ஒரே கோடு. இரண்டாவது, வலது மேலிருந்து இடது கீழுக்கு முதல் கோட்டை வெட்டிச் செல்லும். மூன்றாவதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ‘பெண்’ தனியாக நிற்கும்போது அது நீண்ட கிடைக்கோடு. இங்கே அப்படியே போட்டால் வலப்பாகத்தை இடித்துத் தள்ளும். ஆகவே இடமிருந்து வலமாகச் சற்று ஏற்றி இழுத்து, இரண்டாவது கோட்டைத் தொட்டதும் நிறுத்துங்கள். வெளியே நீட்டாதீர்கள்.

வலப்பாகம்: சிறு கிடைக்கோடு போட்டு, எடுக்காமல் இடது கீழே மடக்குங்கள். அது முடிந்த இடத்திலிருந்து லேசாக வளைந்து இறங்கி, அடியில் இடப்பக்கம் கொக்கி. கடைசியாக, கட்டத்தின் நடுக்கோட்டை ஒட்டிக் கிடைக்கோடு. இரு பாகமும் ஒல்லியாக, ஒன்றையொன்று நெருங்கி நிற்க வேண்டும்.

கேள்வி: முடிவில் வடிவம் சரியாக வந்தால் போதாதா? கோடுகளின் வரிசை அவ்வளவு முக்கியமா?

பதில்: முக்கியம். சீனர்கள் வேகமாக எழுதும்போது கோடுகள் ஒன்றோடொன்று இணையும். எது எதோடு இணையும் என்பதை வரிசைதான் தீர்மானிக்கிறது. வரிசை தெரியாதவரால் பிறர் கையெழுத்தையும் படிக்க முடியாது. அகராதி பார்ப்பதற்கும் இது வேண்டும். 1716இல் வெளிவந்த காங்ஷி அகராதி எழுத்துகளை 214 தலைப்புறுப்புகளின் (பல எழுத்துகளுக்குப் பொதுவாக வரும் பாகங்களின்) கீழ் அடுக்குகிறது. ஹாவ் இருப்பது 38வதான ‘பெண்’ணின் கீழ், அந்தப் பாகம் போக மிச்சம் மூன்று கோடு என்ற இடத்தில். மடங்கிய கோட்டை இரண்டாக எண்ணினால் நான்கு கோட்டுப் பகுதியில் வீணாகத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

கேள்வி: சமைத்தவரைப் பாராட்ட ‘ஹாவ்-சி’ என்றேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். ஏன்?

பதில்: தொனி, அதாவது பொருளையே மாற்றும் குரலின் ஏற்ற இறக்கம், மாறியிருக்கும். மூன்றாம் தொனியில் குரல் அடியில் தாழ்ந்து நிற்கும். அப்போது ‘ஹாவ்’ என்றால் நல்ல, ‘ஹாவ்-சி’ என்றால் சுவையானது. நான்காம் தொனியில், ஒருவரை அதட்டி ‘போ!’ என்பதுபோலக் குரல் மேலிருந்து சட்டென விழும். அப்போது அதே எழுத்துக்கு ‘விரும்பு’ என்று பொருள். ‘ஹாவ்-சி’ சாப்பாட்டு ராமன் ஆகிவிடும். பொழுதுபோக்கு என்ற ‘ஐ-ஹாவ்’, ஆர்வம் என்ற ‘ஹாவ்-சீ’ எல்லாம் நான்காம் தொனியில் வருபவை. எழுத்தில் வேறுபாடு கிடையாது. எனவே சொல்லோடு சேர்த்தே தொனியை மனப்பாடம் செய்யுங்கள்.

‘நீ ஹாவ்’ என்ற வணக்கத்திலும் கவனம் வேண்டும். இரண்டுமே மூன்றாம் தொனி. அப்படி அடுத்தடுத்து வந்தால் முன்னது இரண்டாம் தொனியாகி மேலே ஏறும். (அந்த ‘நீ’க்கு நம் ‘நீ’யின் பொருள்தான்! உறவு ஏதுமில்லை, தற்செயல். மரியாதைக்கு அவர்களிடம் ‘நின்’ உண்டு. பெரியவர்களிடம் ‘நின் ஹாவ்’ என்பதே அழகு.)

கேள்வி: ‘அவர் நல்லவர்’ என்பதற்கு ‘தா ஹாவ்’ போதுமா?

பதில்: இலக்கணப் பிழையில்லை, ஆனால் ‘மற்றவரைவிட இவர் தேவலை’ என்ற ஒப்பீடு தொனிக்கும். ‘தா ஹன் ஹாவ்’ என்று சொல்லுங்கள். ‘ஹன்’ என்றால் ‘மிக’. அழுத்திச் சொல்லாவிட்டால் இங்கே அந்தப் பொருள் பெரும்பாலும் மறைந்துவிடும். வினைக்குப் பின்னால் ஹாவ் வந்தால் வேலை செவ்வையாக முடிந்தது என்று பொருள்: ‘ஷியே ஹாவ் ல’ என்றால் ‘எழுதி முடித்தாயிற்று’.

கேள்வி: தாயும் சேயும் சேர்ந்திருப்பது நல்லது என்பதால் இந்த எழுத்து பிறந்தது என்கிறார்களே?

பதில்: நினைவில் வைக்க நல்ல வழி, வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கி.பி. 100 அளவில் ஷூ ஷென் தொகுத்த அகராதி இதற்குத் தரும் பொருள் ‘அழகு’. எழுத்து அதற்கும் வெகு முந்தையது. 1976இல் சீனாவின் ஆன்யாங்கில் தோண்டியெடுத்த, பழைய ஷாங் அரச மரபுக் காலத்து அரசி ஃபூ ஹாவின் கல்லறையில், வெண்கலக் கலங்களில் அவர் பெயராக இது பொறிக்கப்பட்டிருக்கிறது.

கேள்வி: தைவானுக்கும் சீனாவுக்கும் இதை வெவ்வேறாக எழுத வேண்டுமா?

பதில்: வேண்டாம். சீனா பல எழுத்துகளை எளிய வடிவுக்கு மாற்றிய எளிமையாக்கத்தில் இந்த எழுத்து மாறவில்லை. சிங்கப்பூரிலும் ஹாங்காங்கிலும் இதே வடிவம்தான்.