வாசகர் கேள்வி – பதில்: நான்கு சில்லு இயக்கம் யாருக்குத் தேவை?

கேள்வி: எனக்கு மருத்துவமனையில் அதிகாலை வேலை. கணவர் பிள்ளைகள் இருவரையும் பாடசாலையில் விட்டுவிட்டு மார்க்கம் நகருக்குப் போவார். முழங்கால் வலியுள்ள அம்மாவும் எங்களுடன் இருக்கிறார். பெரிய வண்டி வேண்டாம் என்று, இரண்டு வருடம் ஓடிய 2024ஆம் ஆண்டு சுபாரு இம்பிரெசா ஹச்பாக் (பின்கதவு மேல்நோக்கித் திறக்கும் சிறிய கார்) ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். நான்கு சில்லும் இயங்கும் கார் என்பதால் வின்ரர் ரயர் வேண்டியதில்லை என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். இது எங்கள் குடும்பத்துக்கு ஏற்றதா?
– வாசகி, ஸ்காபரோ

பதில்: முதலில் ரயரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர்கள் சொன்னதை நம்பிக் காரை வாங்கினால் உங்கள் குடும்பம் ஆபத்தை விலை கொடுத்து வாங்கியதாகிவிடும்.

நான்கு சில்லு இயக்கம் எஞ்சினின் விசையை முன்சில்லுகளுக்கும் பின்சில்லுகளுக்கும் பகிர்ந்து கொடுக்கிறது. அதனால் பனி மூடிய தெருவில் நின்ற இடத்திலிருந்து புறப்படுவதும், வழுக்கும் ஏற்றத்தில் ஏறுவதும் எளிதாகின்றன. ஆனால் பிறேக் எல்லாக் கார்களிலும் நான்கு சில்லுகளையும்தான் பிடிக்கிறது. எனவே சிவப்பு விளக்கில் நிற்பதற்கு இந்த ஏற்பாடு எதையும் கூட்டித் தருவதில்லை. நிற்பதும், வளைவில் பாதை மாறாமல் திரும்புவதும் ரயரின் இறப்பர் தெருவைப் பற்றும் அளவைப் பொறுத்தவை. வெப்பநிலை ஏறத்தாழ 7 பாகைக்குக் கீழே இறங்கும்போது கோடைகால ரயரின் இறப்பரும், வருடம் முழுவதும் பாவிக்கும் சாதாரண ரயரின் இறப்பரும் இறுகிப் பிடியை இழக்கத் தொடங்குகின்றன. வின்ரர் ரயர் அந்தக் குளிரிலும் மென்மையாக இருக்கும்படி செய்யப்பட்டது. நான்கு சில்லு இயக்கமுள்ள கார் தடுமாறாமல் புறப்பட்டுவிடுவதால் தெரு எவ்வளவு வழுக்குகிறது என்பது ஓட்டுநருக்குத் தெரியாமல் போகிறது என்பதும், அதைப் பிறேக்கை மிதிக்கும்போதுதான் அவர் அறிந்துகொள்கிறார் என்பதும் எனக்கு உண்மையிலேயே கவலை தருபவை.

கியூபெக் மாகாணத்தில் டிசெம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்ரர் ரயர் கட்டாயம். நான்கு சில்லு இயக்கம் உள்ள கார்களுக்கும் விலக்கில்லை. உங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் அப்படிச் சட்டம் இல்லாவிட்டாலும், 2016 ஜனவரி 1 முதல் இங்குள்ள காப்புறுதி நிறுவனங்கள் வின்ரர் ரயர் பூட்டுபவர்களுக்குக் கட்டணக் குறைப்பு வழங்க வேண்டும் என்பதால், உங்கள் நிறுவனத்திடம் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். ரயரின் பக்கவாட்டில் மூன்று சிகர மலையும் அதனுள் பனித்துகளும் பொறித்த குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இனிக் காரைப் பார்ப்போம். பெருந்தெருக்களைத் துப்புரவாக்கிய பிறகே பனி வாரும் வண்டிகள் குடியிருப்புத் தெருக்களுக்கு வருகின்றன. அதற்கு முன்னரே வீட்டிலிருந்து புறப்பட வேண்டிய உங்களுக்கு நான்கு சில்லு இயக்கம் ஆடம்பரம் அல்ல. இம்பிரெசாவில் அது தேவைப்படும்போது மட்டும் விழித்துக்கொள்ளும் ஏற்பாடு அன்று. பின்சில்லுகளுக்கும் எப்போதும் ஓரளவு விசை போய்க்கொண்டே இருக்கும். சாதாரண மாதிரியின் 2.0 லீற்றர் எஞ்சின் 152 குதிரைவலு தருகிறது. நகர ஓட்டத்துக்கு அது தாராளம் என்றாலும், ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு 401 நெடுஞ்சாலையில் சேரும்போது எஞ்சின் உரத்துச் சத்தமிடும். அது உங்களுக்குப் பொறுக்காது என்றால் 182 குதிரைவலுவுள்ள 2.5 லீற்றர் மாதிரியையும் ஓட்டிப் பாருங்கள். அகன்ற கண்ணாடிகளூடாகச் சுற்றுப்புறம் நன்றாகத் தெரிவதைப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் எவரும் மதிப்பார்கள். எரிபொருள், நகரமும் நெடுஞ்சாலையும் சேர்த்து, 100 கிலோமீற்றருக்கு 8 லீற்றரை அண்மிக்கும். முன்சில்லு இயக்கமுள்ள ரொயோட்டா கொறொல்லா ஹச்பாக் ஏறத்தாழ ஒரு லீற்றர் குறைவாகக் குடிக்கும் என்பதால், வருடத்துக்கு 20,000 கிலோமீற்றர் ஓடினால் வித்தியாசம் 200 லீற்றர் அளவில் வரும்.

உங்கள் குடும்பத்துக்கு இந்தக் காரில் இரண்டு இடைஞ்சல்களைக் காண்கிறேன். பின்சில்லுகளுக்கு விசை கொண்டுபோகும் தண்டு தரையின் நடுவே ஓடுவதால் பின்னிருக்கையின் நடுவில் தரை மேடாக இருக்கிறது. இரண்டு பிள்ளை இருக்கைகளைப் பூட்டிய பின் இடையில் பெரியவர் ஒருவர் வசதியாக இருந்து பயணம் செய்ய முடியாது. அம்மாவை முன்னால் இருத்திவிட்டு நீங்கள் பின்னால் இருப்பது இயலுமா என்று பார்க்க வேண்டும். மற்றது, காரின் தாழ்வு. தரைக்கும் காரின் அடிப்பாகத்துக்கும் இடைவெளி 130 மில்லிமீற்றர் மட்டுமே. பனி வாரும் வண்டி உங்கள் வாசலில் ஒதுக்கிவிட்டுப் போகும் பனிவரம்பு இறுகிவிட்டால் அடிப்பாகம் அதில் உரசும். நான்கு சில்லும் சுழன்றாலும் வயிற்றில் தங்கிய கார் நகராது. முழங்கால் வலியுள்ளவருக்குத் தாழ்ந்த இருக்கையில் இருந்து எழும்புவதும் நாளாந்தத் துன்பம்.

அதே நிறுவனத்தின் கிறொஸ்ட்றெக், இதே உடலை 220 மில்லிமீற்றர் உயரத்தில் தூக்கி வைத்த கார். உள்ளே இடமும் எஞ்சின் தெரிவுகளும் பெரும்பாலும் ஒன்றுதான். பெரிய வண்டி வேண்டாம் என்ற உங்கள் எண்ணத்தை மதித்தே சொல்கிறேன்: நீளத்திலும் அகலத்திலும் அது பெரிய வண்டி அல்ல. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் இரண்டிலும் ஏறி இறங்கச் செய்யுங்கள். பிள்ளை இருக்கைகளையும் கொண்டுபோய்ப் பூட்டிப் பாருங்கள். அம்மாவுக்கு இரண்டும் ஒன்றுபோல இருந்தால் இம்பிரெசாவையே வாங்கி, மிஞ்சும் பணத்தில் நல்ல வின்ரர் ரயர் நான்கும் அவற்றுக்கான இரும்பு றிம்களும் எடுத்துவிடுங்கள். அவருக்கு இம்பிரெசாவில் ஏறி இறங்கக் கடினமாக இருந்தால் நான் கிறொஸ்ட்றெக்கின் பக்கமே நிற்பேன்.

கேள்வி: என் நான்கு சில்லு இயக்கக் காரின் ஒரு ரயர் ஆணி ஏறிப் பழுதாகிவிட்டது. நான்கையும் மாற்றச் சொல்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?
– வாசகர், ஏஜாக்ஸ்

பதில்: அவர்கள் சொல்வதில் காரணம் இருக்கிறது. தேய்ந்த ரயர் புதியதைவிடச் சிறியது என்பதால் அதே தூரத்துக்குக் கூடுதலாகச் சுழலும். அந்த வேறுபாட்டை, முன்சில்லுகளையும் பின்சில்லுகளையும் இணைக்கும் நடுவிலுள்ள கிளச் ஓயாமல் வழுக்கிச் சமாளிக்க வேண்டியிருப்பதால் அது சூடாகித் தேய்கிறது. உதாரணமாக, சுபாரு அனுமதிக்கும் சுற்றளவு வேறுபாடு கால் அங்குலம், அதாவது ஏறத்தாழ 6 மில்லிமீற்றர். மிஞ்சிய மூன்றின் தவாளிப்பு ஆழத்தை உங்கள் கண் முன்னே அளந்து காட்டச் சொல்லுங்கள். அவை இன்னும் புதிதாகவே இருந்தால் அதே வகை ரயர் ஒன்று போதும். பாதி தேய்ந்திருந்தால், புதிய ரயரை அந்த அளவுக்குச் சீவித் தரும் கடைகளும் உண்டு, விசாரியுங்கள். இதே காரணத்தால், கார் எப்போதாவது நடுவழியில் நின்றுவிட்டால், நான்கு சில்லுகளையும் தரையிலிருந்து தூக்கி ஏற்றும் தட்டையான லொறியைத்தான் அனுப்ப வேண்டும் என்று தொலைபேசியிலேயே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: மிசிசாகாவில் அடுக்குமாடியில் இருக்கிறேன். நிலத்தடித் தரிப்பிடம் உண்டு. வேலைக்குப் போவது ரயிலில். கார் ஓடுவது வார இறுதியில் மட்டும். எனக்கும் நான்கு சில்லு இயக்கம் வேண்டுமா?
– வாசகர், மிசிசாகா

பதில்: வேண்டாம். நீங்கள் வெளியே வரும் நேரத்தில் தெருக்கள் பெரும்பாலும் துப்புரவாக்கப்பட்டிருக்கும்; மோசமான நாட்களில் பயணத்தைத் தள்ளிப்போடவும் உங்களால் முடியும். முன்சில்லு இயக்கமுள்ள சிறிய ஹச்பாக் ஒன்றும் நான்கு வின்ரர் ரயர்களும் உங்களுக்குப் போதும்.