கைடு இல்லாமல் கரீபியன் கடலில் டைவ் செய்யலாமா?

கேள்வி: நானும் என் கணவரும் டைவிங்கில் முதல் படியான ஓப்பன் வாட்டர் சான்றிதழ் வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. இதுவரை 26 டைவ், எல்லாமே கைடு பின்னால் போனவைதான். அடுத்த முறை ஏதாவது ஒரு கரீபியன் தீவில், பேக்கேஜ் எதுவும் எடுக்காமல், நாங்களே வண்டி எடுத்து நாங்களே இடம் பார்த்து இறங்க ஆசை. எந்தத் தீவு சரியாக இருக்கும்? இரண்டு பேர் மட்டும் போவது ஆபத்தா?

பதில்: யோசிக்கவே வேண்டாம், பொனேருக்குப் போங்கள். வெனிசுவேலாவுக்கு வடக்கே இருக்கும் சின்னத் தீவு. நெதர்லாந்தின் ஆட்சிக்கு உட்பட்டது, ஆனால் செலாவணி அமெரிக்க டாலர். மற்ற பல தீவுகளில் நல்ல பவளப்பாறையைப் பார்க்க படகு ஏறியாக வேண்டும், படகு என்றால் அவர்கள் சொல்லும் நேரம், அவர்கள் காட்டும் இடம். பொனேரின் மேற்குக் கரையில் அப்படி இல்லை. சாலையோரம் மஞ்சள் பெயின்ட் அடித்த கல்லில் டைவ் இடத்தின் பெயர் எழுதியிருக்கும், வண்டியை நிறுத்தி, டேங்கை மாட்டிக்கொண்டு நடந்தே கடலுக்குள் போய்விடலாம். கொஞ்ச தூரம் நீந்தினால் பாறைச் சரிவு தொடங்கிவிடும். சுமார் பத்து மீட்டர் ஆழத்திலேயே பார்க்க அவ்வளவு இருக்கிறது. தீவின் முதுகு காற்றை மறைப்பதால் அந்தப் பக்கம் பெரும்பாலும் அலை குறைவு. கிழக்குக் கரை அப்படியல்ல, அங்கே நீங்களாக இறங்க நினைக்காதீர்கள்.

ஆபத்தா என்று கேட்டிருக்கிறீர்கள். இடம் அவ்வளவு ஆபத்தானதில்லை, ஆனால் 26 டைவிலும் உங்களுக்காக வேறொருவர் முடிவெடுத்திருக்கிறார், எனக்கு அதுதான் கவலை. எப்போது திரும்புவது, எந்தப் பக்கம் போவது, இன்றைக்கு இறங்கவே வேண்டாமா என்பதையெல்லாம் இனி நீங்கள் இருவரும்தான் தீர்மானிக்க வேண்டும். அதனால் முதல் நாள் ஒரு உள்ளூர் கைடோடு ஒன்றிரண்டு டைவ் போங்கள். பணம் வீணாகாது. அவரிடம் மீன் காட்டச் சொல்லாதீர்கள், கரையில் நின்று அலையையும் நீரோட்டத்தையும் எப்படிப் பார்க்கிறார், எந்த இடத்தில் கால் வைக்கிறார் என்று கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.

எப்படியும் அங்கே போனதும் ஒரு சோதனை டைவ் கட்டாயம். எவ்வளவு அனுபவம் இருந்தாலும் விலக்கில்லை. கடல் பூங்காவை நிர்வகிக்கும் ஸ்டினாபா அமைப்புக்கு ஆளுக்கு 40 டாலர் இயற்கைக் கட்டணம் உண்டு, தீவுக்குள் நுழைய 75 டாலர் வரி தனி. கையுறை போடக் கூடாது, எதையும் தொடவோ எடுக்கவோ கூடாது. 1979-இல் தொடங்கிய பூங்கா அது, இன்றும் நாம் நடந்து போய்ப் பார்க்க அங்கே பவளம் இருக்கிறதென்றால் இந்தக் கண்டிப்புக்கும் அதில் பங்கு உண்டு. 2023-இல் பவளத் திசுவை அழிக்கும் நோய் அங்கேயும் வந்துவிட்டது. கடையில் கருவிகளைக் கிருமிநாசினியில் முக்கி எடுக்கச் சொன்னால், தயவுசெய்து சலிக்காமல் செய்யுங்கள்.

அப்புறம் காற்றுக் கணக்கு. எந்தப் பக்கம் நீரோட்டம் வருகிறதோ அதை எதிர்த்து முதலில் போங்கள், திரும்பும்போது களைத்திருப்பீர்கள், அப்போது நீரே தள்ளிக்கொண்டு வரும். டேங்கின் காற்றழுத்தம் 200 பார் என்ற அளவில் தொடங்கினால் இருவரில் ஒருவர் 130 தொட்டதும் திரும்பிவிட வேண்டும், எதிரே ஆமை வந்தாலும் சரி. இதைக் கரையிலேயே பேசி முடிவு செய்துவிடுங்கள், தண்ணீருக்குள் பேரம் கூடாது. இறங்கும்போது பாறை விளிம்பில் ஏதாவது ஒரு அடையாளம் பார்த்துக்கொள்ளுங்கள், படகு கட்டும் மிதவையின் கயிறு இருந்தால் இன்னும் நல்லது. நானும் என் தம்பியும் ஒருமுறை இதைச் செய்யாமல் வேறிடத்தில் கரையேறி, கூரான பவளக் கற்கள் மேல் டேங்கோடு அரைமணி நேரம் நடந்தோம். அன்றைக்குக் காலைக் காப்பாற்றியது பூட்ஸ்தான். ஆகவே கெட்டியான அடி வைத்த பூட்ஸும் அதற்கு மேல் மாட்டும் ஃபின்ஸும் (நீந்த உதவும் துடுப்புக் காலணி) கட்டாயம், வெறுங்காலில் மாட்டும் ஃபின்ஸ் அங்கே உதவாது. ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும் டைவ் கம்ப்யூட்டர் ஆளுக்கொன்று வேண்டும்.

வண்டி என்றால் பிக்கப் டிரக். தங்குமிடம், டிரக், டேங்க் மூன்றையும் தனித்தனியாக விசாரித்து விலை பாருங்கள், எல்லாம் சேர்த்துத் தருகிற இடங்களும் உண்டு. டிரக்கில் பர்ஸ், போன், பாஸ்போர்ட் எதையும் விட்டுவிட்டு இறங்காதீர்கள், நிறுத்திய வண்டியில் திருட்டு நடக்கிற ஊர் அது. வடக்கே போகும் கடலோரச் சாலை ஒரு கட்டத்துக்கு மேல் ஒருவழி, தவறவிட்டால் ரின்கோன் ஊர் வழியாகச் சுற்றித்தான் வர வேண்டும்.

ஹில்மா ஹூக்கர் கப்பலைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். 1984-இல் மூழ்கியது, சுமார் 18 மீட்டரில் தொடங்கி 30 மீட்டரில் தரை. உங்கள் சான்றிதழின் எல்லையே 18 மீட்டர்தான், எனவே அடுத்த படியான அட்வான்ஸ்டு பயிற்சியை முடிக்கும்வரை அதை விட்டுவிடுங்கள். ஏமாற்றமாக இருக்கலாம், ஆனால் யாரும் தடுக்காத இடத்தில் நம்மை நாமேதான் தடுத்துக்கொள்ள வேண்டும்.

டைவிங் காப்பீடு எடுக்காமல் கிளம்பாதீர்கள். விசாவையும் முன்பே பாருங்கள். நெதர்லாந்தோடு சேர்ந்தது என்றாலும் பொனேர், ஐரோப்பிய நாடுகளின் பொது விசா செல்லும் ஷெங்கன் பகுதி அல்ல.

கேள்வி: எனக்குக் கூட வர ஆள் இல்லை. பொனேரில் தனியாக இறங்கலாமா?

பதில்: தனியாகப் பயணம் போங்கள், தனியாகத் தண்ணீரில் இறங்காதீர்கள். காலையில் டேங்க் எடுக்கும் இடத்தில் நின்றால் துணை தேடும் இன்னொருவர் பெரும்பாலும் கிடைப்பார். முன்பின் தெரியாதவர் என்றால் முதல் டைவை ஆழமில்லாத இடத்தில் வையுங்கள், இருவரும் ஒருவர் கருவியை மற்றவர் சோதியுங்கள். அவர் அவசரப்பட்டாலோ ஆழம் போகத் துடித்தாலோ, நன்றி சொல்லிவிட்டு மறுநாள் வேறு ஆளைப் பாருங்கள்.

கேள்வி: புயல் மாதங்களில் டிக்கெட் விலை குறைகிறதாம், போகலாமா? கடைசி நாளும் டைவ் செய்ய முடியுமா?

பதில்: போகலாம். பொனேர் வழக்கமான புயல் பாதைக்குத் தெற்கே இருக்கிறது. ஆனால் தூரத்துப் புயல் கிளப்பும் அலை வரும். 1999-இல் லென்னி புயல் தீவைத் தொடாமலேயே மேற்குக் கரைப் பவளத்தைச் சேதப்படுத்தியது. எனவே அந்த மாதங்களில் போவதானால் தேதியை மாற்ற வசதியுள்ள டிக்கெட் எடுங்கள்.

கடைசி நாள் டைவ் வேண்டாம். பல நாள் தொடர்ந்து டைவ் செய்தவர் விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி விட வேண்டும், நான் 24 மணி நேரம் விடுகிறேன். அந்த நாளில் தெற்கே உப்பளம் பக்கம் போய் ஃபிளமிங்கோக்களைப் பாருங்கள். அங்கேயே கடலோரம், உப்பளத்தில் உழைத்த அடிமைகளுக்காக 1850-இல் கட்டிய கல் குடிசைகள் நிற்கின்றன, வாசல் இடுப்பளவு உயரம்தான். குனிந்து உள்ளே போய்ப் பாருங்கள். நான் போன அன்று அதற்குப் பிறகு வேறெங்கும் போக மனம் வரவில்லை.