கால்குலேட்டர் கொடுத்தால் பிள்ளையின் கணக்கு மதிப்பெண் கூடுமா?

சிங்கப்பூர்ப் பள்ளியில் தொடக்கநிலை 5-இல் கால்குலேட்டர் வந்துவிட்டது, இனி மகளின் மதிப்பெண் ஏறுமா இறங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். எந்தத் தாள் என்பதைப் பொறுத்தது. தொடக்கநிலை 6-இன் முடிவில் எழுதும் பிஎஸ்எல்இ தேர்வின் கணிதத்தில் 2009 முதல் இரண்டாம் தாளுக்குத்தான் கால்குலேட்டர். முதல் தாளை முழுக்கக் கையால்தான் போட வேண்டும். வீட்டுக் கணக்கு எல்லாவற்றையும் தட்டியே பழகிய பிள்ளை அங்கே நேரம் போதாமல் திணறும்.

இரண்டாம் தாளில் சிரமம் பெருக்கல் வகுத்தலில் இல்லை. எதை எதால் வகுப்பது என்று கண்டுபிடிப்பதில்தான். கணக்கில் உள்ள அளவுகளைக் கட்டங்களாகப் போட்டுக் காட்டும் மாடல் வரையத் தெரியாவிட்டால் கருவியால் ஒரு பயனும் இல்லை. தெரிந்த பிள்ளைக்கு நேரம் மிச்சம்.

மதிப்பெண் போகும் இடங்களைப் பாருங்கள். 24-ஐ முக்காலால் வகுக்கச் சொன்னால், பின்னப் பொத்தானை விட்டுவிட்டு 24 ÷ 3 ÷ 4 என்று அடிக்கிறார்கள். 2 வரும், விடை 32. முக்கால் ஒன்றைவிடச் சிறியது, வகுத்தால் 24-க்கு மேல்தான் வரும் என்று முதலிலேயே யோசிக்கும் பிள்ளை அந்த 2-ஐ நம்பாது. அடுத்தது, பாதி வழியில் முழுமைப்படுத்துவது. 500 வெள்ளியில் மூன்றில் ஒரு பங்கை 166.67 என்று எழுதி 6-ஆல் பெருக்கினால் 1000.02. பின்னமாகவே விட்டிருந்தால் சரியாக 1000. வட்டக் கணக்கில் பையின் மதிப்பு 22/7 என்று கொடுத்திருக்கும்போது பை பொத்தானை அழுத்துவதும் அப்படித்தான்: ஆரம் 7 செ.மீ. உள்ள கால்வட்டத்தின் பரப்பு 38.5-க்குப் பதில் 38.48 ஆகிவிடும். தட்டியதைத் திருத்துபவர் பார்க்க முடியாது. ஒவ்வொரு படியையும் தாளில் எழுதினால்தான், விடை தவறினாலும் வழிமுறைக்கு மதிப்பெண் கிடைக்கும்.

வாய்ப்பாடு வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். முதல் தாளுக்கு அதுதான் உயிர். ஆனால் கருவி மூளையை மழுங்கடிக்கும் என்பதையும் ஏற்க மாட்டேன். 2003-இல் ஏமி எலிங்டன் என்ற ஆய்வாளர், கால்குலேட்டர் பற்றிய 54 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார். பாடத்திலும் தேர்விலும் ஒருசேரக் கால்குலேட்டர் இருந்தபோது மாணவர்களின் திறன் கூடியிருந்தது.

என் ஆதங்கம் வேறு. காசு வாங்கிக்கொண்டு துணைப்பாட வகுப்புகளில் கொடுக்கும் பயிற்சித்தாள்கள் பலவற்றில், எந்தக் கேள்விக்குக் கருவி, எதற்குக் கை என்று ஒரு குறிப்புகூட இருப்பதில்லை. பிள்ளை எல்லாவற்றையும் தட்டிவிடுகிறது. தாள் கைக்கு வந்ததும் நீங்களே பென்சிலால் 'கை', 'கருவி' என்று ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் குறித்துக் கொடுங்கள்.