சிங்கப்பூரில் ஒரு பகல்: குடும்பத்தோடு இறங்கிப் பார்ப்போருக்குச் சில பதில்கள்

கேள்வி: அவுஸ்திரேலியாவில், மெல்பேர்ணில் இருக்கும் தங்கையிடம் போகிறோம். நான், மனைவி, அம்மா, ஒன்பது வயதிலும் நாலு வயதிலும் இரண்டு பிள்ளைகள். வழியில் சிங்கப்பூரில் 14 மணித்தியாலம் நிற்க வேண்டும். டிக்கட் போட்ட இடத்தில் "விசா, வருகை அட்டை, ஊர் சுற்றிக் காட்டுதல்" என்று ஆளுக்கொரு தொகை தனியாகக் கேட்கிறார்கள். கொடுக்க வேண்டுமா? (ஆரையம்பதி)

பதில்: முதல் இரண்டுக்கும் ஒரு சதமும் தேவையில்லை. இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் சிங்கப்பூருக்குக் குறுகிய காலம் போய்வர முன்கூட்டியே விசா எடுக்க வேண்டியதில்லை. கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும். அடுத்த விமானத்துக்கான டிக்கட்டும் அவுஸ்திரேலிய விசாவும் கையில் இருக்கட்டும்.

வருகை அட்டை என்பது இணையத்தில் நிரப்பும் ஒரு படிவம்தான். சிங்கப்பூர் குடிவரவுத் துறையின் சொந்தத் தளத்தில் அது இலவசம். தரையிறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். நாலு வயதுப் பிள்ளைக்கும் தனிப் பதிவு வேண்டும், ஆனால் குடும்பமாக ஒரே தடவையில் போடலாம். கூகுளில் தேடினால் மேலே வரும் சில தளங்கள் அரச தளம் போலவே இருக்கும், கடைசியில் டொலரில் "சேவைக் கட்டணம்" கேட்கும். முகவரி "கவ் டொட் எஸ்ஜி" என்று முடியாவிட்டால் மூடிவிடுங்கள்.

ஊர் சுற்றலுக்கு சாங்கி விமான நிலையமே இலவசப் பயணம் நடத்துகிறது. இரண்டரை மணித்தியாலம் பஸ்ஸில் கொண்டுபோய்க் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். இடைநேரம் ஐந்தரை மணித்தியாலத்துக்குக் குறையாமலும் 24 மணித்தியாலத்துக்கு உட்பட்டும் இருப்பவர்களுக்கு அது கிடைக்கும். பலர் கோட்டை விடுவது ஓர் இடத்தில்தான்: குடிவரவைத் தாண்டி வெளியே வருமுன் உள்ளேயே பதிய வேண்டும். வெளியே வந்த பிறகு கேட்டால் ஏற்றமாட்டார்கள்.

முகவரிடம் நீங்கள் உண்மையில் கேட்க வேண்டியது வேறு. கொழும்பிலிருந்து மெல்பேர்ண் வரை ஒரே பதிவா, இரண்டு தனி டிக்கட்டா? இரண்டு தனி டிக்கட் மலிவாகத் தெரியும். ஆனால் முதல் விமானம் பிந்தினால் இரண்டாவது கம்பனிக்கு உங்கள்மேல் எந்தப் பொறுப்பும் இல்லை, ஐந்து பேருக்கும் புது டிக்கட் உங்கள் செலவு. பெட்டிகளையும் பெரும்பாலும் சிங்கப்பூரில் எடுத்துத் திரும்பப் போட வேண்டி வரும். ஒரே பதிவாக இருந்தாலும் கட்டுநாயக்காவில் பெட்டியில் ஒட்டும் சீட்டைப் பாருங்கள். அதில் மெல்பேர்ணுக்கான "எம்.ஈ.எல்." இருக்க வேண்டும். "எஸ்.ஐ.என்." மட்டும் இருந்தால் பெட்டி சிங்கப்பூரோடு நின்றுவிடும். அந்த இடத்திலேயே திருத்தக் கேளுங்கள்.

எதற்கு எவ்வளவு என்று பிரித்து எழுதிய பற்றுச்சீட்டு இல்லாமல் காசு கட்டாதீர்கள். தராவிட்டால் நுகர்வோர் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் சொல்லலாம்.

கேள்வி: மட்டக்களப்பு வெயிலில் வளர்ந்தவர்களுக்குச் சிங்கப்பூர் வெக்கை ஒரு பொருட்டா என்கிறார் கணவர். காலையில் தொடங்கிப் பின்னேரம் வரை நடந்தே பார்க்கலாமா? (களுவாஞ்சிக்குடி)

பதில்: வெப்பமானியைப் பார்த்தால் அவர் சொல்வது சரிதான், அங்கேயும் பகலில் 31, 32 பாகைதான். ஆனால் நம்மூர்க் கச்சான் காற்று வரண்டது. வியர்வை உடனே காயும், காயும்போது உடம்பைக் குளிர்த்தும். சிங்கப்பூரில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை காயாமல் சட்டையோடு ஒட்டி நிற்கும், உடம்புச் சூடு வெளியேற வழியிருக்காது. அதோடு, ஊரில் நண்பகல் 12 மணிக்கு நாலு வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஆர் நடக்கிறார்?

ஆகவே காசைப் பகலுக்கு வையுங்கள். காலையும் இரவும் பார்க்க வேண்டியவை பெரும்பாலும் இலவசம். தாவரவியல் பூங்கா அதிகாலை 5 மணிக்கே திறக்கும், நுழைவுக் கட்டணம் இல்லை. உள்ளே ஓர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் டிக்கட் உண்டு. 10 மணிக்குள் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். 11 முதல் 4 வரை குளிர் உள்ள இடம்: கார்டன்ஸ் பை த பே பூங்காவின் கண்ணாடிக் கூடங்கள் இரண்டும், மலர்க் கூடமும் மேகக் காடும், அந்த நேரத்துக்குக் கொடுக்கும் காசுக்குப் பெறுமதியானவை. ஒன்றுக்குத்தான் காசு என்றால் மேகக் காடு. மாதத்தில் ஒரு நாள் பராமரிப்புக்காக மூடுவார்கள், திகதியை அவர்களின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். காசே செலவழிக்க விருப்பமில்லை என்றால் சாங்கியை ஒட்டிய ஜுவல் கட்டடம் போதும். 40 மீற்றர் உயர உள்ளரங்க நீர்வீழ்ச்சியைப் பார்க்கக் கட்டணம் இல்லை.

இரவு 7.45க்கும் 8.45க்கும் கார்டன்ஸ் பை த பேயில் உள்ள செயற்கைப் பெருமரங்களின் ஒளி ஒலிக் காட்சி நடக்கும், அதுவும் இலவசம். அந்த மரங்களுக்கு இடையில் உள்ள தொங்கு பாலத்துக்கு முன்கூட்டியே டிக்கட் வாங்க வேண்டாம். பின்னேரம் இடிமழை வந்தால் மூடிவிடுவார்கள். வானத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே வாங்குங்கள்.

வெக்கையைவிடப் பிள்ளைகளைப் படுத்துவது குளிர். வியர்வையில் நனைந்த சட்டையோடு ரயிலுக்குள்ளும் கடைத்தொகுதிக்குள்ளும் போனால் நடுங்கும். கைப்பையில் ஆளுக்கொரு மாற்றுச் சட்டை, ஒரு சிறிய துவாய், அம்மாவுக்கு ஒரு சால்வை. தண்ணீர் வாங்கவே தேவையில்லை, குழாய்த் தண்ணீர் குடிக்கலாம், வெறும் போத்தல் இருந்தால் போதும். விமானம் ஏறுமுன் அதை வெறுமையாக்குங்கள். சாங்கியின் முதல் மூன்று முனையங்களிலும் பாதுகாப்புச் சோதனை விமானம் ஏறும் வாயிலில்தான்.

கேள்வி: ஐந்து பேருக்கு டெக்ஸியா, ரயிலா? (கல்முனை)

பதில்: பகலில் ரயில். சாங்கியில் ஏறி அடுத்த நிலையமான எக்ஸ்போவில் இறங்கி நீல நிற டவுன்டவுன் பாதைக்கு மாறினால் பேஃப்ரன்ட் (கார்டன்ஸ் பை த பேக்கு இறங்கும் இடம்), லிட்டில் இந்தியா, தாவரவியல் பூங்கா மூன்றும் அதே பாதையில் வரும். வீசா, மாஸ்டர் வங்கி அட்டையைத் தட்டியே போகலாம். ஆனால் ஒரு அட்டையில் ஒருவர்தான். இரண்டு பேருக்கு ஒன்றைத் தட்டினால் இரண்டாமவருக்கு வாயில் திறக்காது. உயரம் 0.9 மீற்றருக்கு உட்பட்ட பிள்ளைக்குக் கட்டணம் இல்லை. ரயிலுக்குள் தண்ணீர் குடித்தாலும் குற்றம், தண்டம் 500 டொலர் வரை போகும்.

சாதாரண டெக்ஸியில் நாலு பேர்தான் ஏறலாம், ஐந்து பேரென்றால் பெரிய வாகனம் கேட்க வேண்டும். நள்ளிரவிலிருந்து காலை 6 மணி வரை மீற்றர் கட்டணத்தில் பாதி மேலதிகம். இன்னொன்று: 1.35 மீற்றருக்குக் குறைந்த பிள்ளைக்குக் காரில் தனி இருக்கை வேண்டும் என்பது அங்கே சட்டம். டெக்ஸிக்கு விலக்கு உண்டு, செயலியில் கூப்பிடும் தனியார் காருக்கு இல்லை. இருக்கை இல்லாவிட்டால் சாரதி ஏற்ற மறுப்பார்.

கேள்வி: சிங்கப்பூர் முஸ்தபா கடையில் சாமான் வாங்கினால் வரிக்காசு திரும்பக் கிடைக்குமாமே? (காத்தான்குடி)

பதில்: கிடைக்கும். வரி 9 வீதம். ஒரே கடையில் குறைந்தது 100 டொலருக்கு வாங்க வேண்டும். அதே நாளில் அதே கடையில் எடுத்த மூன்று பற்றுச்சீட்டு வரை சேர்க்கலாம். வாங்கும்போதே கடவுச்சீட்டைக் காட்டுங்கள். விலைக்குள் வரி அடங்கியிருப்பதால் 120 டொலர் சாமானில் வரி 9.91 டொலர், அதிலும் கையாளும் கட்டணம் கழியும். சாப்பாட்டுக்கும் ஹோட்டலுக்கும் கிடையாது.

பெட்டி நேரே மெல்பேர்ணுக்குப் போயிருந்தால் வாங்கியதெல்லாம் கைப்பையில்தான் போக வேண்டும். அங்கே எடையும் இடிக்கும், 100 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட எண்ணெய், அத்தர், ஷம்பூ எதுவும் சோதனையில் தாண்டாது. ஆகவே துணி, சிறிய மின்சாதனம் என்று வாங்குங்கள். அட்டையில் கட்டும்போது இயந்திரம் "ரூபாவிலா, சிங்கப்பூர் டொலரிலா" என்று கேட்டால் டொலரையே அழுத்துங்கள். ரூபாவை அழுத்தினால் மாற்று வீதத்தை அவர்கள் தீர்மானிப்பார்கள்.

கேள்வி: அம்மம்மா வெற்றிலை போடாமல் இருக்கமாட்டா. வெற்றிலைப் பையைக் கொண்டு போகலாமா? (அக்கரைப்பற்று)

பதில்: புகையிலையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். மெல்லும் புகையிலை சிங்கப்பூருக்குள் தடை, சுவிங்கமும் அப்படித்தான். தெருவில் துப்பினாலும் தண்டம். தூக்க மாத்திரை, கொடீன் கலந்த இருமல் பாணி எடுப்பவரானால் சிங்கப்பூர் சுகாதார விஞ்ஞான ஆணையத்தின் அனுமதியைப் போகுமுன்பே எடுக்க வேண்டும், வைத்தியரின் கடிதத்தையும் கொண்டுபோங்கள். அங்கிருந்து அவுஸ்திரேலியா போவதென்றால் பச்சை இலை, பாக்கு, கருவாடு எல்லாவற்றையும் அந்நாட்டு வருகை அட்டையில் அறிவிக்க வேண்டும். மறைத்து அகப்பட்டால் தண்டம், அறிவித்தால் ஆகக் கூடியது பறித்து எறிவார்கள்.